கேஜ் ரூமிலிருந்து வந்த வரிகள்

மணி மூன்று பத்துக்கு அந்தக் கருப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. எண் வரவேண்டிய இடத்தில் எண் இல்லை. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

பகலவன் டீ கிளாஸை வாய்வரைக்கும் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். வெளியே கச்சிராயபாளையம் சாலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கீழே உரக்கடையின் நனைந்த சாக்கு நாற்றம் படியேறி வந்து, மாடி அறையில் தேங்கி, ட்யூப்லைட்டின் ரீங்காரத்தோடும் இன்வெர்ட்டர் விட்டுவிட்டுப் போடும் கீச்சுச் சத்தத்தோடும் கலந்து, பகல் மூன்று மணியையே விளக்கு வைக்கிற நேரமாக ஆக்கியிருந்தது. மேனேஜர் வெங்கடேசன் சார் பேங்க் வரை போயிருந்தார். அறையில் அவனைத் தவிர ஆள் இல்லை.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை தாண்டி ஒரு ஓடைக்கரையில், தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதற்காகச் சின்னதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து வரும் எண்களைப் பதிவுசெய்கிற இந்த ஆபீசில் அதற்குக் கேஜ் ரூம் என்று பெயர். அங்கே வேலை பார்க்கும் பெண் அரைமணிக்கு ஒருதரம் அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எத்தனை மீட்டர் என்கிற எண்ணைத் தட்டி அனுப்புவாள். அறைக்குள் செல்போன் எடுக்காது. இருக்கிற ஒரே ஒரு லைனும் மெலிந்த லைன், படமோ குரலோ அதில் போகாது, எழுத்து மட்டும் போகும். அதற்காக வைத்திருப்பதுதான் இந்த டெர்மினல். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. மலையில் அவள் தட்டுவது இங்கே விழும், இங்கே இவன் தட்டுவது அங்கே விழும், அவ்வளவுதான் அதன் வித்தை.

இப்போது அங்கே இருப்பவள் ரம்யா. வந்து மூன்று மாதம் ஆகிறது. சேர்ந்த அன்றே பகலவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான், எண் மட்டும்தான் அனுப்ப வேண்டும், வேறு எதையும் தட்டக்கூடாது என்று.

"தமிழ்ல ரெண்டு வார்த்த அடிச்சா இன்னா சார் ஆவும்?" என்று கேட்டாள் அவள்.

"லைன் தாங்காதும்மா," என்றான் இவன். சொல்லும்போதே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மூன்று மாதமும் அவள் ஒரு எழுத்துகூடத் தட்டியதில்லை. இன்றைக்கும் இரண்டு மணிக்கு 1.40, இரண்டரைக்கு 1.65, மூன்றுக்கு 1.90 என்று ஒழுங்காகத்தான் வந்தது. அதற்குக் கீழேதான் இந்தக் கேள்விக்குறிகள். பகலவன் கிளாஸைக் கீழே வைத்தான். NUMBER ONLY என்று தட்டி அனுப்பினான்.

பதிலுக்கு இன்னொரு வரி கேள்விக்குறி வந்தது.

இந்தக் கேள்விக்குறிகளை அவன் நன்றாக அறிவான். போன வருஷம் எட்டு மாதம் தினமும் பார்த்திருக்கிறான்.

அப்போது அங்கே இருந்தவள் பூமாலை. மலைப்பெண். சங்கராபுரத்தில் தங்கிப் படித்துத் தமிழ் டைப்பிங் லோயர் பாஸ் செய்தவள், ஆங்கிலம் அவளுக்கு எண்களோடு சரி. தமிழில் அடித்தால் உங்களுக்கு வருமா என்று அவளும்தான் கேட்டாள். பக்கத்தில் வெங்கடேசன் சார் நின்றிருந்தார். "தாராளமா அடிம்மா, எல்லாம் செட் பண்ணிட்டேன்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டான் பகலவன். எலவனாசூர்கோட்டையில் அப்பனும் அண்ணனும் கரும்பு வெட்டப் போக, கம்ப்யூட்டர் டிப்ளமோ வாங்கி நாற்காலியில் உட்கார்ந்த ஒரே ஆள் அவன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நாற்காலியே ஆடிவிடும் என்று அவனுக்கு ஒரு பயம்.

முதல் நாள் அவள் தமிழில் அடித்தது இவன் திரையில் கேள்விக்குறியாக விழுந்தது. செட்டிங்ஸைத் திறந்தான். இடதுபுறம் முப்பது தலைப்பு, எல்லாம் ஆங்கிலம். முகவரி போடுகிற இடமும், எழுத்தைப் பெரிதாக்குகிற இடமும், நிறம் மாற்றுகிற இடமும் தெரியும். மீதி இருட்டு. எதிலோ ஒரு டிக் போட்டுப் பார்த்ததில் லைன் இரண்டு நாள் அறுந்து கிடந்தது, சார் கடித்துக் குதறிவிட்டார். அதற்குப் பிறகு அதில் கை வைக்கவில்லை. கேள்விக்குறி வந்தால் ok என்று தட்டினான். அந்த ஒரு ஓகேயோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மறுநாள் உண்மையைச் சொன்னால், நேற்று ஏன் ஓகே போட்டாய் என்று வரும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஒரு மாதத்து ஓகேக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்படியே எட்டு மாதம் அவள் எழுதினாள், அவன் ஓகே போட்டான்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் நான்கு வரிகள் அடுத்தடுத்து வந்தன. அவன் பார்சல் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். இடது கையால் நான்கு ஓகே தட்டினான். பிறகு 4.80 என்று ஓர் எண் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

கேஜ் ரூமின் ஒரு பக்கச் சுவர் இடிந்து விழுந்திருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டபடி நின்றது. மூன்றாம் நாள் மூங்கில் புதரில் பூமாலையை எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்தவரிடம், காலையிலிருந்தே லைன் இல்லை சார், ஒரு வரியும் வரவில்லை என்று பகலவன் சொன்னான். குரல் நடுங்காமல் சொன்னான், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அந்த வாரமே ஒரு வீடியோ பார்த்தான். நாலு நிமிஷ வீடியோ. முப்பது தலைப்பில் 'டிரான்ஸ்லேஷன்' என்று ஒன்று, அதற்குள் ஒரு பட்டியல், அதில் யூ.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்து லைனை மூடித் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரியும். இரண்டு கிளிக். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்த இரண்டு கிளிக்கை இன்றுவரை அவன் செய்யவில்லை. இடிந்த கேஜ் ரூமில் மேல்தட்டில் இருந்ததால் அங்கிருந்த கம்ப்யூட்டர் தப்பித்துவிட்டது. துடைத்துக் காயவைத்து, அதையேதான் கரைக்குச் சற்று மேலே கட்டின புது அறையில், தண்ணீர் எட்டாமல், ஸ்டூலில் ஏறித் தட்டுகிற மாதிரி தலைக்கு மேல் உயரத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறார்கள். அவள் எழுதியது, இவன் போட்டது, எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கிறது. லைனை மூடித் திறந்தால் பழைய பேச்சு முழுவதும் முதலில் ஒருதரம் ஓடும். அதை அவன் படித்தாக வேண்டும். அப்போது இந்த மாடி அறையில் வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிப்பார்கள்.

மூன்றரைக்கு 2.60 வந்தது.

அரைமணியில் எழுபது சென்டிமீட்டர். பகலவன் GO OUT. GO UP TO SCHOOL என்று தட்டினான். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. ரம்யா பிளஸ் டூ படித்தவள், இது புரியும். எண் வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வரி கேள்விக்குறி மெதுவாக, ஒவ்வொன்றாக விழுந்தது, யாரோ யோசித்து யோசித்துத் தட்டுகிற மாதிரி.

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் தெய்வசிகாமணிக்குப் போன் போட்டான்.

"காலையில நான்தான் எறக்கிவுட்டு வந்தேன் சார். உள்ளதான் இருக்கும் அந்தப் பொண்ணு," என்றார் அவர். "இன்னா சார், எதுனா ஆயிடுச்சா?"

"தண்ணி ஏறுது. வெளிய போன்னு சொல்றேன், போவாம இருக்குதுங்க. கொஞ்சம் போய்ப் பாருங்க."

"ரோட்ல மரம் வுழுந்து கெடக்குது, வண்டி போவாது. நடந்துதான் போவணும். முக்கா மணி ஆவும் சார்." கூடவே, "அந்தப் பொண்ணு எதுனா எழுதி அனுப்பிச்சா? எழுதினா உங்களுக்கு வந்துடுமே," என்றார்.

பகலவன் போனை வைத்துவிட்டான்.

நான்கு மணிக்கு 3.10. ஏன் வெளியே போகவில்லை என்று அவள் அந்த மூன்று வரியில் எழுதியிருக்கிறாள். கதவு சிக்கிக்கொண்டதா, காலில் அடிபட்டதா, வெளியே போகும் வழியே இல்லையா. படித்தால் தெரியும். அவன் செட்டிங்ஸைத் திறந்தான். டிரான்ஸ்லேஷன். பட்டியல். அம்புக்குறியை யூ.டி.எஃப்-8 மேல் கொண்டுபோய் நிறுத்தினான். விரல் இறங்கவில்லை. ஒரு பெண் தண்ணீரில் நிற்கிறாள், இவன் இன்னும் தன் மானத்தைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதுவும் அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

நான்காவது வரி கேள்விக்குறி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். லைனை மூடித் திறந்தான்.

பழைய பேச்சு ஓடத் தொடங்கியது. ஒரு வருஷமாகக் கேள்விக்குறியாகக் கிடந்ததெல்லாம் தமிழாக எழுந்து நின்றது. டைப்பிங் வகுப்பில் கடிதம் எழுதப் பழகியவள் எழுதுகிற சுத்தமான தமிழ்.

ஐயா, வணக்கம். இன்று ஓடையில் மீன் ஏறுகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது.
ok
ஐயா, என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். எனக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?
ok
ஐயா, சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நீங்கள் சரி என்றதால்தான் எனக்குத் தைரியம் வந்தது.
ok

பகலவன் வாயைப் பொத்திக்கொண்டான். திரை நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல், ok. சுவரில் ஓதம் ஏறுகிறது, மேனேஜர் ஐயாவிடம் சொல்லுங்கள், ok. மறுபடியும் சுவர், ok. மறுபடியும் சுவர், ok. எட்டு மாதம் ஒரு பெண் அவனை நம்பிப் பேசியிருக்கிறாள். அவன் ஒரு நாய்க்குப் பிஸ்கட் போடுகிற மாதிரி இரண்டு எழுத்தைப் போட்டிருக்கிறான்.

ஐயா, தண்ணீர் முதல் படிக்கு வந்துவிட்டது. இங்கேயே இருந்து அளவு அனுப்பவா?
ok
ஐயா, சுவர் விரிந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னும் இருக்க வேண்டுமா?
ok
ஐயா, கதவு அடித்துக்கொள்கிறது. தாழ் போட்டுக்கொள்ளட்டுமா?
ok
ஐயா, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
ok

பிறகு 4.80. பிறகு ரம்யாவின் மூன்று மாதத்து எண்கள், வரி வரியாக. பிறகு இன்றைய தேதி.

ஐயா, வணக்கம்.

ரம்யா ஐயா என்று கூப்பிடுகிறவள் இல்லை. சார் என்பாள்.

இந்தப் பெண்ணைத் தமிழில் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனால் நானே எழுதுகிறேன்.
NUMBER ONLY
தண்ணீர் வந்துவிட்டது. கதவைத் தாழ் போட்டிருக்கிறேன்.
2.60
GO OUT. GO UP TO SCHOOL
அவள் கதவை இழுத்துப் பார்க்கிறாள். திறக்கவில்லை.
3.10
அழுகிறாள் ஐயா. வெளியே விடட்டுமா?

ட்யூப்லைட் ஒருமுறை மங்கி வந்தது. இன்வெர்ட்டரின் கீச்சு நின்றுபோயிருந்தது. மழைச் சத்தம் மட்டும். சாக்கு நாற்றம் போன இடம் தெரியவில்லை. அறையில் இப்போது ஓடைச்சேற்றின் வாடை.

அவன் விரல்கள் தாமாகவே ok என்று தட்டின. தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஆனால் இந்த முறை அவன் மனசார நினைத்ததும் அதுதான். விட்டுவிடு. தயவுசெய்து விட்டுவிடு.

4.05 என்று எண் விழுந்தது. அதன் கீழே:

ஐயா, இது படித்துவிட்டுப் போட்டதா? படித்தீர்கள் என்றால், அன்று நான் என்ன கேட்டேன், நீங்கள் ஏன் சரி என்றீர்கள், அதை எழுதுங்கள். இந்தப் பெண் படிக்கட்டும். அவள் வெளியே போய் எல்லாரிடமும் சொல்லட்டும். தாழை எடுத்துவிடுகிறேன்.

அவ்வளவுதான் அவள் கேட்டது. பகலவன் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றினான். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தேடினான். 'அ' கிடைத்தது. 'ன்' கிடைக்க நேரமாயிற்று. வியர்வை கீபோர்டில் சொட்டியது. அன்று நீ. இன்னும் ஐந்தாறு வார்த்தை எழுதினால் போதும். அன்று நீ எழுதியது எனக்கு

கீழே குடையை உதறும் சத்தம்.

செருப்பைக் கழற்றும் சத்தம். இருமல். வெங்கடேசன் சார்.

படிகள் மொத்தம் பதினாறு. முதல் படி. இரண்டாவது. திரை முழுக்கத் தமிழ். பூமாலையின் தமிழ். அதன் கீழே அவனுடைய ஓகேக்கள். ஐந்தாவது படி. விசாரணையில் ஒரு வரியும் வரவில்லை என்று சொன்னபோது சார் பக்கத்திலேதான் நின்றார். எட்டாவது. எழுதி முடித்துவிடலாம். அனுப்பிவிடலாம். சார் பார்க்கட்டும், ஊரே பார்க்கட்டும். பத்தாவது.

அவன் செட்டிங்ஸைத் திறந்தான். டிரான்ஸ்லேஷன். பழையபடி மாற்றினான். லைனை மூடித் திறந்தான்.

சார் உள்ளே வந்தபோது திரை முழுக்கக் கேள்விக்குறிகள்.

"இன்னாப்பா பகலவா, மலையில ஜாஸ்தி மழையாமே. லைன் இருக்குதா?" வெங்கடேசன் சார் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "இது இன்னா, இவ்ளோ வந்திருக்குது?"

"குப்பை சார். மழைக்கு லைன் இப்படித்தான் துப்பும்."

"அந்தப் பொண்ணு எதுனா எழுதியிருக்கப் போவுது. படிக்க முடியாதா?"

"முடியாது சார்," என்றான் பகலவன்.

சொன்ன பிறகு அவனுக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சி விழுங்கிக்கொண்டான்.

மேசைமேல் போன் அடித்தது. தெய்வசிகாமணி. பகலவன் எடுக்கவில்லை. சார்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். காற்றும் தண்ணீரும் இரைகிற சத்தம் அறையை நிரப்பியது.

"சார், கேஜ் ரூமுக்கு மேல பாறை மேல ஏறி நிக்கிறேன், இங்கதான் ஒரு கோடு சிக்னல் கெடைக்குது, ஜன்னல் வழியா உள்ளயும் தெரியுது. கதவு உள்ள தாழ் போட்டிருக்குது. எவ்ளோ மோதியும் அசையல. ஜன்னல் கம்பியில வாய வெச்சுக் கத்திப் பாத்தேன், அந்தப் பொண்ணு திரும்பல சார்."

"உயிரோட இருக்குதாய்யா?" என்றார் வெங்கடேசன் சார்.

"ஸ்டூல் மேல ஏறிச் சுவத்தோட ஒட்டிக்கினு நிக்குது. தண்ணி அதும் நெஞ்சுக்கு வந்துடுச்சு. ஆனா அது தண்ணியப் பாக்கல சார்." தெய்வசிகாமணிக்கு மூச்சு வாங்கியது. "அந்த மெஷின் வெச்ச பலகையத்தான் பாத்துக்கினு இருக்குது. பலகைக்குக் கீழ தண்ணிலேர்ந்து ரெண்டு கை நீட்டிக்கினு இருக்குது. ஆள் தெரியல, தலை தெரியல. கை மட்டும். வளையல் போட்ட கை. அது பாட்டுக்குத் தட்டிக்கினே இருக்குது சார்."

திரையில் ஒரு கேள்விக்குறி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"இன்னாய்யா ஒளர்ற," என்றார் சார். குரல் பாதியில் தேய்ந்தது.

"நிறுத்திடுச்சு சார்."

திரையில் வரி நின்றது.

"மறுபடி தட்டுது."

வரி மறுபடியும் நகர்ந்தது. ஒவ்வொன்றாக. யோசித்து யோசித்து. சார் திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பகலவனைப் பார்த்தார். பகலவனின் கை மவுஸின் மேல் இருந்தது. இரண்டு கிளிக்.

"தண்ணி அந்தப் பொண்ணு கழுத்துக்கு வந்துடுச்சு சார். இன்னா பண்ணட்டும் சொல்லுங்க. எதுனா சொல்லுங்க சார்."

வரி முடிந்தது. வெள்ளைக் கட்டம் ஒன்று அடுத்த வரியின் தொடக்கத்தில் பதிலுக்காக மின்னிக்கொண்டு நின்றது. பகலவன் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சாரின் முகத்தைப் பார்க்காமல், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.